பார்த்துக்கொண்டே இருந்த வீடு

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் கறையான் மருந்து அடித்தார்கள். லிஃப்டுக்குள் நுழைந்ததும் நெடி மூக்கில் ஏறியது. மற்றவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். நான் இன்னொரு முறை நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விலைக்கு வந்த ஒரு வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, வாசலில் என்னை வரவேற்றது இந்த நெடிதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை; அது பெரிய கதை, விட்டுவிடுங்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா கல்யாணமாகிக் காப்பார் என்ற ஊரில் இருந்தாள். நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா. சாப்பாட்டுக் கடைக்கு மேலே வாடகை அறை. வார நாட்களை எப்படியோ தள்ளிவிடலாம். ஞாயிறுதான் நகராது. துணி துவைத்து, சட்டை தேய்த்து முடித்தால், மீதிப் பொழுதில் பேச ஆளில்லாமல் கீழ்க்கடைப் பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். சொந்த வீடு இருந்தால் இந்தத் தனிமை போய்விடும் என்று எவனோ சொன்னதை நானும் நம்பினேன்.

வீடு ரயில் பாதைக்கு அருகே, வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய சமயத்தில் எழுப்பிய வரிசையில் ஒன்று. சிவப்புச் சிமெண்டுத் தரை, கண்ணாடிப் பட்டை ஜன்னல், இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் பலகை. விலை மலிவு. காரணத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வசதி வந்தவர்களெல்லாம் சுபாங் ஜெயா மாதிரிப் புதுக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன, முற்றத்தில் லாலான் புல் ஆள் உயரம். மழை வலுத்தால் சாக்கடை வாசல்வரை வரும். “எல்லாரும் அங்கேருந்து ஓடுறாங்க, நீ உள்ள போறியா? யோசி லா” என்றான் கூட வேலை பார்த்தவன்.

விற்பவர் துரைராசா அங்கிள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். மனைவி மெல்பர்னில் மகளோடு இருந்தார். வீட்டை விற்றதும் இவரும் புறப்பட வேண்டும்.

“வாரும் தம்பி, வடிவாப் பாரும். இந்தப் பலகையெல்லாம் கறையானுக்குத்தான் சொந்தம். எனக்கில்லை” என்று அவரே தட்டிக் காட்டினார். பிறகு மல்லி போட்ட கோப்பி கொடுத்தார். பெண் பார்க்கப் போனவர்கள் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு ‘கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம்’ என்பார்களே, அப்படித்தான் நானும் கிளம்பி வந்தேன்.

ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன், கூரையைப் பார்க்க. அதற்கடுத்த ஞாயிறு குழாய். பிறகு மனையடிக் கணக்குக்கு அறைகளை அளந்தேன். நாடாவின் மறுமுனையை அவர்தான் பிடித்தார். அளந்து முடித்ததும் முந்நூற்றுநாலு ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தார். நான் தோற்பேன், அவர் குழந்தை மாதிரி சிரிப்பார். சுவரைப் பற்றிய பேச்சு மெல்ல நின்றுபோனது. இருட்டும்வரை இருந்து, “யோசிச்சுச் சொல்றேன் அங்கிள்” என்று எழுவேன். “ஆறுதலா யோசியும்” என்பார்.

ஆடி பிறந்தது. ஆடியில் வீடு வாங்க அக்கா சம்மதிக்க மாட்டாள் என்றேன். அக்கா சொன்னது வேறு: “நல்ல வெலைன்னா ஆடியாவது மாடியாவது, வாங்கிப் போடுடா.” அங்கிளோ, “ஓம், ஓம், ஆடி கழியட்டும்” என்று உடனே ஒப்புக்கொண்டார். ஆடி போவதற்குள் சீனர்களின் பேய் மாதம் வந்தது. அந்த மாதத்தில் அவர்களும் வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை. இடையில் ஒருவன் வந்து தட்டிக்கொண்டு போவானோ என்ற பயமும் விட்டது. இரண்டு இனத்துப் பஞ்சாங்கமும் கூடி என்னைக் காப்பாற்றின.

வாங்கினால் அவர் போய்விடுவார். வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான், அப்போதும் போய்விடுவார். நான் எடைபோட்டுக்கொண்டிருந்தது வீட்டை அல்ல என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

அடுத்து, புரட்டாசியில் குடிபோகக் கூடாது என்று சொல்லலாமா என நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, கூடத்தில் தொலைபேசி அடித்தது. மெல்பர்னிலிருந்து மனைவி. “இல்லையப்பா, இன்னும் முடியேல்லை. ஒரு பெடியன் பாத்துக்கொண்டிருக்கிறான்” என்றார் அங்கிள். பேசி முடித்து வந்து சீட்டைக் கையில் எடுத்தவர், ஆடவில்லை.

“மகள் வேலைக்குப் போனா இவ வீட்டில தனியத்தான். சுவரோட கதைக்கிறாவாம்.”

சுவரோடு பேசுவது எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது?

“நானே வாங்கிக்கிறேன் அங்கிள்” என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த சீட்டை மறுபடி கலைத்துக்கொண்டே, “சரி. இண்டைக்கு இன்னும் ஒரு கை போடுவம்” என்றார். அன்று வேண்டுமென்றே தோற்றார்.

இப்போது அந்த வரிசையே இல்லை. அடுக்குமாடிக் கோபுரங்களும் அவற்றுக்கு ஏறிப்போகும் சாலையும் வந்துவிட்டன. அங்கிளும் மெல்பர்னிலேயே காலமானார். வீடு இடிபட்டபோது வருத்தமாக இல்லையா என்று கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது இடிபடுவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. சாவி கைக்கு வந்து, நான் குடிபோன பிறகு வந்த முதல் ஞாயிறு. நாலு மணிக்குக் குளித்தேன், தலை வாரினேன், தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: போக வேண்டிய வீட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்.