குன்வோர் போட்ட ‘வேண்டாம்’

கத்தியின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்த பிறகுதான் குன்வோர் வாயைத் திறப்பார். கூர் சரியென்றால் ஊர் வம்பு. இல்லையென்றால் தலைநகரத்துக்குத் திட்டு. நார்வேயின் வடகோடியில், எங்கள் மீன் ஆலையின் வெட்டு மேசை முன்னால் இருபத்தாறு வருடமாக நிற்கிறார். எலும்பில் சதை ஒட்டியிருந்தால் பக்கத்து மேசை சூல்ஃப்ரிட்டிடம், “பூனைக்கு விருந்து வைக்கிறியாடி?” என்பார். எதிரே நின்று பெட்டிகளை எடை போடுபவன் நான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுக்கக் கூட்டியதிலும் ‘வேண்டாம்’தான் ஜெயித்தது. எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ இருநூற்றுப் பன்னிரண்டு, ‘சேரலாம்’ ஏழு. அந்த ஏழு பேர் யார் என்பதுதான் காபி நேரத்துப் பேச்சு.

“பாதிரியாரும் பொண்டாட்டியும் ரெண்டு. நம்ம முதலாளி மூணு...” குன்வோர் விரலை மடக்குவார்.

“டிவியில ஓஸ்லோக்காரன் சிரிச்சுக்கிட்டே சேரச் சொன்னான். அந்தச் சிரிப்புக்கே நான் வேண்டாம்னு போட்டேன்” என்றார் சூல்ஃப்ரிட்.

“நீங்க?” என்று குன்வோரிடம் துணிந்து கேட்டேன்.

“ஸ்பெயின்காரன் படகு வந்து கடலையே வாரிட்டுப் போயிடும்னு என் தம்பி ஸ்வெர்ரே சொன்னான். அவன் படகு கரையில கிடந்தா நான் எதை வெட்டுறதாம்?”

முதலாளி சொல்லியிருந்ததை நினைவூட்டினேன்: வெளியிலிருந்து வரும் முழு மீனைவிட வெட்டிய மீனுக்கு ஒன்றியத்தில் வரி அதிகம், சேராவிட்டால் வெட்டு மேசை நிலைக்காது.

“பயமுறுத்துறவனுக்கு ஓட்டுப் போடுற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல” என்றார் குன்வோர்.

ஜனவரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். மீன் இனி முழுசாக, ஒன்றியத்தில் இருக்கும் டென்மார்க்குக்குப் போகும், வெட்டு அங்கே. மாதக் கடைசியோடு குன்வோர் உட்படப் பதினான்கு பெண்களுக்கு வேலையில்லை. வெட்டுக்கூலி மிச்சமென்று படகுக்காரர்களுக்கு மட்டும் மீன் விலையைக் கூட்டிக் கொடுத்தார் முதலாளி. அன்றோடு அந்த ஏழு பேரைப் பற்றிய பேச்சு நின்றது.

எங்கள் ஊரில் வீட்டுச் சமையலுக்கு யாரும் மீன் வாங்குவதில்லை. சொந்தக்காரர் படகிலிருந்து வரும். நேற்று ஸ்வெர்ரே வழக்கம்போல் ஆலைக்கு வந்து இரண்டு மீனை அக்காவின் வெட்டு மேசையில் போட்டார். ஒன்று அக்காவுக்கு, ஒன்று தனக்கு. இரண்டையும் வெட்டுவது அக்காவின் பங்கு.

“மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதக்கா. கடல் நம்ம கையில நின்னுச்சுல்ல?”

“உன் கையில நின்னுச்சு.”

“சரி சரி, வெட்டு. வீட்ல உலை கொதிக்குது.”

“டென்மார்க்குக்கு அனுப்புடா. நல்லா வெட்டித் தருவாங்க.”

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தனக்கு வந்ததையும் சேர்த்து இரண்டு மீனையும் முழுசாகத் தம்பி பக்கம் தள்ளினார் குன்வோர்.