சிவப்பு வண்டிக்கு ஓய்வு

ரெட்டியார்பாளையத்தில் சுமலதா வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "செவப்பு வண்டி நிக்குதே, அந்த வீடு" என்பார்கள். இரண்டே கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார். டர்போ இஞ்சின். இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை துடைத்துப் பளபளவென்று ஆக்கி, கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று காட்டிவிட்டு, கொண்டுவந்து போர்வை போர்த்திவிடுவார்கள். சுமலதா அதில் நெல் விதை மூட்டை ஏற்றினாள்.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். அவளுக்கு விதை வியாபாரம். பாகூரில் தொடங்கி கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வரைக்கும் விவசாயிகள் அவளிடம்தான் விதை வாங்குவார்கள். அந்த வண்டியை முதலில் வாங்கியவர் சாரம் பகுதியில் இருந்த ஒரு டாக்டர். குனிந்து குனிந்து ஏறி இறங்கியதில் மனிதருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. போதுமடா சாமி என்று விற்க வந்தபோது சுமலதா ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். டர்போ வேலை செய்து முதுகில் ஒரு தள்ளு தள்ளியதும், "எனக்கு இதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டாள். பின்சீட்டில் மனிதர் உட்கார முடியாது என்று எல்லோரும் குறை சொன்னார்கள். மூட்டைகள் ஒரு குறையும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டன.

டர்போ என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. இஞ்சின் வெளியே விடும் சூட்டுப் புகையிலேயே சுற்றும் ஒரு சின்னச் சக்கரம். அது சுற்றிச் சுற்றி இஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை அழுத்தும். நெருப்பாய்க் கொதிக்கும் அந்தச் சக்கரத்தைக் காப்பாற்றுவது ஆயில் ஒன்றுதான். ஆகவே சுமலதாவுக்குச் சில பழக்கங்கள். காலையில் கிளம்பினால் ஆயில் சூடாகும்வரை பூப்போல ஓட்டுவாள். அதன் பிறகு மிதி மிதி என்று மிதிப்பாள். சாயங்காலம் வாசலுக்கு வந்ததும் உடனே அணைக்க மாட்டாள். இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். ஆயிலைக் கம்பெனி சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவாள். வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியபோதும் இஞ்சின் ஒருநாள்கூட முனகவில்லை.

முனகியது அவள் வீட்டுக்காரன் கோபிநாத்தான்.

கோபிநாத் ஆபீஸ் வேலைக்காரன். நல்ல மனுஷன், ஆனால் பயந்த சுபாவம். பிரஷர் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் ஹாலுக்குப் போய்விடுவான். மூன்று லட்சம் என்ற எண்ணைப் பார்த்ததும் அவன் பயந்துபோனான். போதாக்குறைக்கு, கூட வேலை செய்யும் ஒருவருடைய மைத்துனரின் டர்போ வண்டி திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் இஞ்சின் இறுகி நின்றுபோன கதையும் காதில் விழுந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"சுமா, போதும். வண்டி ஒழச்சது போதும், நீ ஒழச்சதும் போதும். ரெண்டு பேரும் ரெஸ்ட் எடுங்க."

"எனக்கு என்னாங்க கேடு? நான் நல்லாத்தான இருக்கேன்."

"நல்லா இருக்கும்போதே நிறுத்தணும். நடுரோட்டுல நீ நிக்கறத என்னால நெனச்சுப் பாக்க முடியல."

கண் கலங்கிச் சொன்னால் என்ன செய்வது? சுமலதா சரி என்றாள். ஊர் ஊராகப் போக இரண்டு பையன்களை வேலைக்கு வைத்தார்கள், அவர்களுக்கு ஒரு வேனும் வந்தது. சுமலதா வீட்டில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுத்தாள். சிவப்பு வண்டி வாசலில் நின்றது.

ஓய்வு அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. முதல் மாதம் தூங்கினாள். அடுத்து சீரியல் பார்த்தாள். அதற்கப்புறம் சீரியலில் வருகிற மாமியாரோடு சண்டை போட ஆரம்பித்தாள். "ஏன்டி இப்படி வாயத் தொறக்காம நிக்கற?" என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள். முழங்கால் வலித்தது. எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது.

ஆனால் கோபிநாத் வண்டியைச் சும்மா விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் வாசல்படியில் நின்று அவன் பார்த்தது என்ன? காலையில் இஞ்சின் ஓடும், சாயங்காலம் இஞ்சின் ஓடும், வண்டி நின்றபடியே இருக்கும். இதுதான் அந்த வண்டியின் ஆயுள் ரகசியம் என்று அவனாக முடிவு கட்டிவிட்டான். நடுவில் அவள் காட்டுமன்னார்கோயில் வரை மிதித்துவிட்டு வந்ததை அவன் எங்கே பார்த்தான்? தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, வண்டியை ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் ஓடவிட்டு அணைப்பான். வெள்ளிக்கிழமை என்றால் கற்பூரமும் உண்டு. மழை வந்தாலும் குடை பிடித்துக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தான். ஒரு நாள் தவறவில்லை. இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

முதலில் குட்டை உடைத்தது எதிர்வீட்டுச் செந்தமிழ்ச்செல்வி. மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஏன் சுமா, உன் வீட்டுக்காரரு தெனம் கொசு மருந்து அடிக்கிறாரா? வடகம் பூரா ஆயில் நாத்தம்!"

சுமலதா வெளியே ஓடிவந்து பார்த்தாள். வண்டியின் பின்னால் நீலநீலமாகப் புகை. தெருவே மங்கலாகத் தெரிந்தது. நடுவில் கோபிநாத் கையில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தான். நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், டர்போ போயிருக்கலாம். எதுவானாலும் மூன்று லட்சம் ஓடிய இஞ்சினுக்கு அது கடைசிக் காலம்.

"நான் சொன்னேன்ல? நல்லவேள, ரோட்டுல போகும்போது ஆகல" என்றான் கோபிநாத். அவன் முகமும் வாடித்தான் இருந்தது.

அவனே சென்னையில் ஆளும் பிடித்தான். அறிவுமதி என்று ஒருவர், இந்த மாதிரி வண்டிகளை வாங்கி, வேறு இஞ்சின் வைத்துக் காட்சிக்கு நிறுத்துகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சுமலதா இரண்டு நாள் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் முடிவைச் சொன்னாள்.

"இஞ்சின பாத்துட்டுத்தான் குடுப்பேன். அதுக்கு உயிர் இல்லன்னா அந்த ஆள் எடுத்துட்டுப் போகட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். உயிர் இருந்தா யாருக்கும் தர மாட்டேன், சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலையிலேயே புகை கக்கிக்கொண்டு வண்டி முதலியார்பேட்டையில் மெக்கானிக் ஜெரெமியின் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கோபிநாத் மூக்கில் கைக்குட்டையோடு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தான். ஜெரெமி பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பாதி வாழ்க்கையை மர்செய் நகரத்து கராஜில் கழித்துவிட்டு, மீதியைக் கழிக்க ஊருக்கு வந்தவர். புகையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

"மூணு லட்சம் ஓடின டர்போ, மதாம். ரிங்கு தேஞ்சிருக்கும். ஒங்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன். இஞ்சின் போச்சுன்னே வச்சுக்கங்க."

"அளந்து பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே."

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் பார்க்கும் மீட்டரைத் திருகினார். உள்ளே தேய்ந்திருந்தால் முள் ஏறாது. சுமலதாவைச் சாவியைத் திருகச் சொன்னார். முள் விறுவிறுவென்று ஏறி நின்றது. ஜெரெமி மீட்டரைத் தட்டிப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டரில் போட்டார், அதே இடம். மூன்றாவதிலும் அதே இடம். அவருக்கு மீட்டர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து ஷெட்டுக்குப் போய் வேறு மீட்டர் வாங்கிவந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். சுமலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தாள்.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார் ஜெரெமி. "நாலும் ஒண்ணு போல நிக்குது! நான் சொன்னதப் பொய்யாக்கிட்டீங்க மதாம். தேயவே இல்ல!"

"அப்போ பொகை?"

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். மூடியின் அடியில் வெளுத்துப்போய், மோர்க்குழம்பு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெரெமி முகம் சுளித்தார்.

"வண்டிய கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"தெனம் ஸ்டார்ட் பண்றேன் சார்" என்று கோபிநாத் முன்னே வந்தான். பெருமைதான் குரலில்.

"ஸ்டார்ட் பண்ணி?"

"கால் மணி நேரம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிடுவேன்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமைன்னா கற்பூரம் காட்டுவேன்."

ஜெரெமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நின்ன எடத்துலயே ஓடினா ஆயில் சரியா சூடாவாது. பெட்ரோலும் தண்ணியும் ஆயில்ல எறங்கி அங்கயே தங்கிடும். தெனம் தெனம் அதுலயே சேந்து, இப்படிக் கொழகொழன்னு ஆயி, இஞ்சின் மூச்சு விடற கொழாய அடச்சிருக்கு. மூச்சு முட்டினா என்னா பண்ணும்? ஆயில டர்போ பக்கமா துப்பிடுச்சு. மூணு லட்சம் கிலோமீட்டர் செய்யாதத ஒரே வருசத்துல செஞ்சுட்டீங்க."

கோபிநாத்தின் முகம் செத்துப்போனது. அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான். சுமலதாவுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் ஸ்பானர் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யப் போன மனுஷன் நினைவுக்கு வந்தான். இவ்வளவு அன்பாக ஒரு இஞ்சினைக் கெடுக்க இவனால்தான் முடியும். அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ஷெட்டில் ஆள் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

ஜெரெமி குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பழைய ஆயிலை வடித்துவிட்டு இரண்டு தடவை புது ஆயில் விட்டார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே என் கையில இல்ல. உள்ள தேங்கின ஆயில் எரியணும். நல்லா சூடேத்தி, நாலு வழிச் சாலையில வுட்டு மிதிங்க. பொகை நின்னா பொழச்சுது. நிக்கலன்னா டர்போவுல ஆயில தடுக்கற சீல் போயிடுச்சுன்னு அர்த்தம், சென்னைக்காரரு கொண்டுபோகட்டும்."

"நீங்களும் ஏறுங்க" என்றாள் சுமலதா கோபிநாத்தைப் பார்த்து. "பொகைய நீங்க பாருங்க. நான் ரோட்டப் பாக்கறேன்."

ஊருக்குள் பூப்போல ஓட்டினாள். பைக்கில் பின்னால் வந்தவர்கள் இருமித் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, "என்னாம்மா, வண்டியா அடுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரிய சாலை ஏறி, ஆயில் சூடானதும் சுமலதா மிதித்தாள். ஒரு வருஷம் கழித்து முதுகில் அந்தத் தள்ளு. கோபிநாத் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"பொகை?"

"இருக்கு. நெறய இருக்கு."

மறுபடி மிதித்தாள். "இப்போ?"

"இருக்கு சுமா." அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அறிவுமதியாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

போகட்டும், கடைசி ஓட்டம் என்றாலும் ஒழுங்காக ஓட்டிவிட்டுக் கொடுப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். மேம்பாலம் ஏறி இறங்கினார்கள். கோபிநாத் பின்கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாங்க? சொல்லுங்களேன்!"

"இரு... கொறஞ்ச மாதிரி... இரு, இரு. சுமா! பின்னாடி லாரி தெரியுது! லாரியில எழுதியிருக்கறதே தெரியுது!"

அவன் குழந்தை மாதிரி கத்தினான். சுமலதா கண்ணாடியில் பார்த்தாள். சாலை சுத்தமாக இருந்தது. அவளும் கத்தினாள்.

யாரும் சொல்லாமலே அவள் கை வண்டியைப் பாகூர் பக்கம் திருப்பியது. வயலோரம் நிறுத்தி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். வரப்பில் நின்றிருந்த ராமலிங்கம், பத்து வருஷமாக அவளிடம் விதை வாங்குகிறவர், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா போன நீ? போன்ல ஒண்ணு சொன்னா ஒன் பசங்க வேற ஒண்ண எறக்கிட்டுப் போறானுங்க. வந்து இந்தக் கழனியப் பாரு."

சுமலதா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலில் இறங்கினாள். முழங்கால் நினைவே அவளுக்கு வரவில்லை. பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள், ராமலிங்கத்தோடு சண்டை போட்டாள், "நாத்து மேல பழிய போடாதீங்க, தண்ணிய நீங்க வடிக்கல" என்று அதட்டினாள், சிரித்தாள். கணுக்கால்வரை சேறு. இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் கோபிநாத் அவளை இப்படி வேலையில் பார்த்ததில்லை. வண்டியில் உட்கார்ந்தபடி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய ஆர்டர் நோட்டை எடுக்க அவள் வண்டிக்குத் திரும்பியபோது அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது.

"மன்னிச்சுக்கங்க சார், நீங்க வர வேணாம். வண்டி குடுக்கறதுக்கு இல்ல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், இஞ்சின் போகல. நல்லா இருந்ததுதான். நாந்தான் ரெஸ்ட் குடுத்துக் கெடுத்துட்டேன், ரெண்டு பேரையும்."

சுமலதாவுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, நின்று அழுதாள். வரப்பிலிருந்து ராமலிங்கம் பதறினார்.

"என்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். "குறுவைக்கு எத்தன மூட்ட வேணும், அதச் சொல்லுங்க. நானே கொண்டாறேன்."