மாசிக் கடலுக்கு ஓர் உடை

மகள் அயர்லாந்தின் மேற்குக் கரையில் படிக்கப் போன முதல் ஆண்டே அலைச்சறுக்குப் பழகிவிட்டாள். கோவில்பட்டியில் வளர்ந்தவள். எங்களுக்குக் கடல் என்பது கிழக்கே நீண்ட பேருந்துப் பயணம். கோடையில் இரவல் உடையில் சமாளித்தவள், குளிருக்குச் சொந்தமாக ஒரு வெட்சூட், அதாவது உடம்பை மூடும் ரப்பர் உடை, வேண்டும் என்று கார்த்திகையில் போனில் சொன்னாள்.

"நீங்கதான் டிகிரி எழுதுற ஆளு. எத்தன மில்லிமீட்டர் தடிமன்ல வாங்கணும்னு பாத்துச் சொல்லுங்கப்பா."

கேலிதான். வீட்டின் பின்சுவரில் வெப்பமானி மாட்டி, காலையும் மாலையும் நெடுங்காலமாகக் குறித்துவருகிறேன். ஆனால் இந்த வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தத் தண்ணீரில் இறங்குகிறது என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. மார்கழி முழுவதும் அந்தக் கடலின் வெப்பநிலையை மாத வாரியாகத் தேடி நோட்டில் எழுதினேன்.

முதலில் எனக்குப் பிடிபடாதது ஒன்று. தரையில் குளிர் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் கடலின் குளிர் உச்சத்துக்குப் போவதில்லை. கரிசல் மண் ஐப்பசி மழையைத் தை வரை உள்ளே வைத்திருப்பதுபோல, கடல் கோடைச் சூட்டை வைத்திருந்து மெல்ல மெல்ல விடுகிறது. அது அடிமட்டத்துக்கு வருவது மாசியில். அப்போது ஒன்பது டிகிரி அளவில் இருக்கும் என்று குறித்தேன். உடம்புக்கு ஐந்து மில்லிமீட்டர் ரப்பர், கை கால்களுக்கு நான்கு என்று முடிவாயிற்று. உள்ளே புகும் கொஞ்சத் தண்ணீரை உடம்பே சூடாக்கிக்கொள்ளும், அதற்காக உடை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தேன். என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது.

அந்த ஊர்க் கடையிலேயே இணையத்தில் வாங்கி அவள் விலாசத்துக்கு அனுப்ப ஏற்பாடு. அவள் அனுப்பிய அளவுக்கு 'ஸ்மால்' பொருந்தியது. என் மனைவி புதியம்புத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் அண்ணனின் தையல் யூனிட்டில் பள்ளிச் சீருடை தைத்தவள்.

"ஏங்க, அளவ அப்படியேவா போடுதீங்க? ஒரு சைஸ் கூட்டிப் போடுங்க."

"ஒட்டித்தான் இருக்கணுமாம்."

"படத்துல நிக்கிறவளுக்கு ஒட்டும். அங்கன வெண்ணெயும் பிரெட்டும் தின்னு நம்ம பிள்ள உடம்பு வச்சா? துணின்னா தையலப் பிரிச்சு விடலாம். ரப்பர என்ன செய்ய?"

எங்கள் வீட்டில் யாருக்கும் அளவுக்குச் சரியாக உடை எடுத்ததே கிடையாது. சின்னதாக எடுத்து வருந்தியிருக்கிறோம். பெரிதாக எடுத்து வருந்தியதில்லை. 'மீடியம்' என்பதைத் தொட்டது என் விரல்தான்.

உடை தையில் போய்ச் சேர்ந்தது. நன்றாக இருக்கிறது என்றாள். மாசிக் கடைசி ஞாயிறு பெரிய அலை. ஒவ்வோர் அலைக்கும் உடையின் தளர்ந்த கழுத்து வழியாகப் புதுத் தண்ணீர் முதுகில் இறங்கியிருக்கிறது. அரை மணி நேரத்தில் விரல் மடங்கவில்லை. சறுக்குப் பலகை கைவிட்டுப் போயிற்று. உடனிருந்த இரண்டு பெண்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத்தான் எங்களை அழைத்தாள்.

"லூசுன்னு எப்ப தெரியும் உனக்கு?"

"போட்ட அன்னைக்கே."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க ஒரு மாசம் உக்காந்து பாத்து வாங்குனதுப்பா. எப்படிச் சொல்ல?"

போனை வைத்ததும் அந்த ஞாயிறன்று அங்கே கடல் எத்தனை டிகிரி என்று பார்த்தேன். நான் குறித்ததற்கும் அதற்கும் அரை டிகிரிகூட வித்தியாசம் இல்லை. நோட்டை மூடி வைத்தேன்.

மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனிக் கடலுக்குப் போகாதே என்று நான் சொல்ல வேண்டும் என்றாள். எனக்கும் அதுதான் வாயில் நின்றது. அடுத்த அழைப்பில் மகளே கேட்டாள்.

"போகாதன்னு சொல்லப் போறீங்களா?"

"சொன்னா, போயிட்டு எங்ககிட்ட மறைப்ப. எனக்காக எதையும் பொறுத்துக்கிடாத. சரியில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிரு."

"அப்ப இப்பவே ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"அடுத்தத நானே கடைக்குப் போயி, போட்டுப் பாத்து வாங்குதேன். நீங்க பாக்க வேண்டாம்ப்பா."

சரி என்றேன். மகள் என்ன சொன்னாள் என்று பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"அவளே எடுத்துக்கிடுதாளாம்."