கரடிக்கு ஒரு லுங்கி

என் வேலையை நான் நன்றாகச் செய்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இன்னும் சற்று நேரத்தில் நான் மொட்டைமாடியில் நின்றுகொண்டு தெருவில் போகும் ஆண்களின் லுங்கியைப் படம் பிடிக்கப்போகிறேன்.

இணையத்தில் ஒரு விளையாட்டுத் தளம் இருக்கிறது. அதற்குள் நுழையும் ஒவ்வொரு குழந்தைக்கும் திரையில் ஓர் உருவம் கிடைக்கும். அது ஓடும், குதிக்கும், ஆடும். அதற்குப் போட்டுவிடச் சட்டை, கோட்டு, கவுன் எல்லாம் அங்கேயே கடையில் கிடைக்கும். யாரோ செய்து அனுப்பும் அந்த முப்பரிமாண உடைகளைத் திருத்துவது என் வேலை. சட்டையைத் துளைத்துக்கொண்டு தொப்பை வெளியே எட்டிப் பார்க்கும், உள்ளே தள்ளுவேன். உருவம் கையைத் தூக்கினால் தோள்பட்டைத் துணி காதுவரை ஏறும், கீழே இழுப்பேன். ஒரே உடை ஒல்லியானவனுக்கும், குண்டானவனுக்கும், ஃபிரிட்ஜ் மாதிரி சதுரமாக இருப்பவனுக்கும், கரடிக்கும் பொருந்த வேண்டும். கரடி என்று தவறி எழுதவில்லை. மனிதனாக இருப்பதில் பல குழந்தைகளுக்கு விருப்பமில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பட்டமும் வாங்கினேன். நைனாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறாள். என் வேலையை விளக்கியபோது நைனா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தத் துணியத் தொட்டுப் பாக்க முடியுமா?"

முடியாது என்றேன்.

"தோச்சா சாயம் போவுமா?"

தோய்க்கவே வேண்டாம் என்றேன். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. உறவுக்காரர்களிடம் "கம்ப்யூட்டர்ல வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஒருமுறை சித்தி விடாமல் துருவியதில், "பொம்மைக்குச் சட்ட போடுறா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாளாம்.

வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நான் வீட்டிலிருந்தபடி சென்னையில் உள்ள ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குப் பயிற்சியில் இருந்தேன். அங்கே எங்களுக்குத் தலைமையாக இருந்த அம்மையார் ஒருநாள் எல்லோருக்கும் சொன்னார்: இந்த மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் உடை செய்ய வேண்டும். தளம் அதை ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இத்தோடு சரி. அதே வாரம் நைனா, அம்மா வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் மேனேஜரிடம் எனக்காக ஒரு கம்ப்யூட்டர் சீட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தார். பெட்டியில் ஒட்டும் லேபிளுக்கு சைஸும் கலரும் அடிக்கிற வேலை.

"மாசம் முடியறதுக்குள்ள உன்னுது நெலைக்குமா நெலைக்காதான்னு தெரிஞ்சிடணும். நெலைக்கலன்னா ஒண்ணாந்தேதி அங்க போய் உக்காரணும். சரியா?"

சரி என்றேன், யோசிக்காமலே. தோற்றுவிடுவேனோ என்ற எண்ணம் எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

என்னோடு பயிற்சியில் இருந்த ஒருத்தி இறக்கை வைத்த கவுன் செய்தாள். இன்னொருவன் விண்வெளிக்காரன் உடுப்பு. நான் லுங்கி என்று முடிவு செய்தேன். நீலக் கட்டம் போட்டு, முழங்கால் உயரத்துக்கு மடித்துக் கட்டிய லுங்கி. உலகத்தில் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று நம்பினேன். மாதிரிக்கு எங்கும் அலைய வேண்டாம். எங்கள் தெருவில் தானாக நடந்து போகும். ஒரே மூச்சில் செய்து, சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். தலைமை அம்மையாரிடமிருந்து பதில் வந்தது: "ஸ்கர்ட் அழகாக இருக்கிறது."

அப்போதுதான் புரிந்தது. பிறந்ததிலிருந்து லுங்கிகளுக்கு நடுவே வளர்ந்திருக்கிறேன், ஒரு லுங்கியையும் சரியாகப் பார்த்ததில்லை. நல்ல பெண்ணாக வளர்ப்பதில் இப்படி ஒரு குறை இருக்கிறது. மடித்துக் கட்டுவது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுகிற காரியம். குதிகாலால் ஒரு தட்டு, எழும்பும் விளிம்பைக் கையில் பிடித்து ஒரு சுழற்று, இடுப்பில் ஒரு முடிச்சு. எந்த நுனி எதற்கு மேலே போகிறது என்று கண்ணுக்கே தெரியாது. அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்துவைத்து, எதிரே இருந்த டீக்கடையைப் படம் பிடிக்க ஆரம்பித்தேன்.

சில நாட்களில் டீக்கடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் மாடியில் தலை காட்டினால் போதும், நின்றுகொண்டிருக்கும் ஆண்கள் லுங்கியைச் சரசரவென்று கணுக்கால்வரை இறக்கிவிட்டார்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பாயம்மா, அம்மா வேலைவிட்டு வரும் நேரம் பார்த்து ஒரு கிண்ணம் ஃபிர்னிப் பாயசத்தோடு வந்தார். நல்ல மனுஷி. கெட்ட செய்தியை வெறுங்கையோடு சொல்ல மாட்டார்.

"உங்க பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா ஆம்பளைங்கள இடுப்புக்குக் கீழயே வீடியோ எடுக்குதாம்மே. எங்க வீட்டுக்காரரு டீ குடிக்கக்கூட பேண்ட் போட்டுக்கினு போறாரு. ரொம்பப் பேஜாரா கீதுன்றாரு."

அம்மா அன்று பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. இதற்குத்தான் படிக்கவைத்தேனா என்பது அதில் மிகவும் மென்மையான பகுதி. நைனா லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார். திரையில் என் லுங்கியைக் கட்டிக்கொண்டு கரடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"கரடிக்கா?"

"கரடிக்கும்தான்."

"பொம்பள மாதிரி கட்டிக்கினு கீது." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தெருவுல எடுக்காத. ஞாயித்துக்கெழம நான் நிக்கிறேன்."

ஞாயிறு காலை நைனா தன் புது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னேன். உடை போடுவதற்கு முன்னால் திரையில் உருவங்கள் அப்படித்தான் நிற்கும். லுங்கிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார், ஆனாலும் நீட்டினார். ஆடக்கூடாது, பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, போனோடு அவரைச் சுற்றிவரத் தொடங்கினேன்.

பாயம்மா மிளகாய் காயப்போட அடுத்த மாடிக்கு வந்தார். நைனாவைப் பார்த்தார். கை எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டக்கூடாதா என்று கேட்டார். நைனா பதில் சொல்லவில்லை. நான்தான் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தேனே. பாயம்மா பதறிப்போய்த் தன் கணவரைக் கூப்பிட்டார். பேண்ட் போட்டுக்கொண்டு மேலே வந்த பாய், விஷயம் தெரிந்ததும் நைனாவின் இடுப்பைக் கூர்ந்து பார்த்தார்.

"இது இன்னா மடிப்புப்பா? நாலு எட்டு வேகமா வெச்சா அவுந்துடும்."

சொல்லிவிட்டுக் கீழே போனவர் லுங்கியோடு திரும்பினார். நடுவிலிருந்த குட்டைச் சுவரைத் தாண்டி வந்து, யாரும் சொல்லாமலே கைகளை விரித்துக்கொண்டு நைனாவின் பக்கத்தில் நின்றார். சத்தம் கேட்டு டீக்கடைக்காரரும் ஏறிவந்தார். அவர் இருவர் மடிப்பையும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கள் மாடியில் மூன்று பெரிய மனிதர்கள் வரிசையாகக் கைகளை விரித்துக்கொண்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி நின்றார்கள். சர்ச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டது.

மூன்று மடிப்பிலும் எது நல்லது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. முன்பக்கத்தை நைனாவிடமிருந்தும், முடிச்சைப் பாயிடமிருந்தும், பின்பக்கத் தொங்கலை டீக்கடைக்காரரிடமிருந்தும் எடுத்துக்கொண்டேன். ஒல்லிக்குப் பொருந்தியது. சதுரத்துக்குப் பொருந்தியது. கரடி அதைக் கட்டிக்கொண்டு நடந்தபோது எங்கள் தெருக்காரன் போலவே இருந்தது. தலைமை அம்மையாரே பாராட்டித் தளத்துக்கு அனுப்பினார்.

தளம் நிராகரித்துவிட்டது. உருவம் குதிக்கும்போது அநாகரிகமாகத் தெரிகிறது என்று ஒரு வரி. குதிக்கவைத்துப் பார்த்தேன். கரடி எம்பியது, லுங்கி குடை மாதிரி விரிந்தது. உள்ளே கரடிதான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

இன்னும் ஒருமுறை அனுப்பலாம் என்றார்கள். மாதம் முடியப் போகிறது. லுங்கியை இறக்கிவிட்டால் மறுபடி ஸ்கர்ட். முதல்முறையாக எனக்கு லேபிள் பெட்டிகள் கண்ணில் தெரிந்தன. உள்ளே ஏதாவது போட்டாக வேண்டும். என்ன போடுவார்கள்? மூன்று ஆண்கள் என் மாடியில் கைவிரித்து நின்றிருக்கிறார்கள், ஒருவரிடமும் கேட்க முடியாத கேள்வி இது. துணிந்து, "நைனா, லுங்கிக்கு உள்ள..." என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அப்போதுதான் குடித்திருந்தார். அம்மாவிடம் போனேன்.

"இத வெளிய எவங்கிட்டயாவது கேட்டுத் தொலைக்காத" என்றாள். "மழ வர்ற மாதிரி கீது. போய்த் துணிய எடு."

மாடிக்குப் போனேன். எங்கள் கொடியில் சில துணிகளை அம்மா வெளியே தெரியாமல் துண்டுக்கு அடியில்தான் காயப்போடுவாள். துண்டை உருவினேன். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, முழங்கால்வரை நீண்டு, முன்னால் நாடா தொங்க, நைனாவின் பட்டாபட்டி டிரவுசர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அங்கேயே போனை எடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம், நாடா. அடுத்த மாடியில் மிளகாயை அள்ளிக்கொண்டிருந்த பாயம்மா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், டிரவுசரைப் பார்த்தார்.

"அதுவுமா?" என்றார்.

அதுவும்தான். கோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். நாடா தனியாக ஆடும்படி வைத்தேன். இப்போது கரடி குதித்தால் லுங்கி விரியும், கோடுகள் பளிச்சென்று தெரியும், நாடா ஒருமுறை துள்ளி அடங்கும். அநாகரிகம் என்று யாரும் சொல்ல முடியாது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை அவ்வளவு கௌரவமாக மூடியிருந்தது. தளம் ஏற்றுக்கொண்டது. வேலை நிரந்தரம் என்று சொன்ன தலைமை அம்மையார், அந்த நாடாவுக்கு மட்டும் தனியாகப் பாராட்டு எழுதியிருந்தார்.

வீட்டில் காட்டினேன். கரடி நடந்தது. நைனா தன் மடிப்பை அடையாளம் கண்டுகொண்டு அம்மாவைப் பெருமையாகப் பார்த்தார். கரடி குதித்தது. நைனா லேப்டாப்புக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இது என்னுது."

"ஆமா நைனா."

"இத எங்கெல்லாம் பாப்பாங்க?"

"எல்லா நாட்டுலயும்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். என் வேலையைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு அடங்கியதும், நாளைக்கே மேனேஜரிடம் போய் அந்த சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரச்சொல்லி நைனாவை அனுப்பியவளும் அவள்தான்.

நைனா போனார். பொண்ணு என்ன பண்றா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். வீடியோவை நைனாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தேன், எடுத்துக் காட்டினாராம். இப்போது டேனரியில் காட்டுகிறார், டீக்கடையில் காட்டுகிறார், ஜோலார்பேட்டையிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்குக் காட்டுகிறார். குழந்தைகள் பலர் டிரவுசரை மட்டும் தனியாகக் கேட்டு எழுதியதையும், நான் செய்துகொடுத்ததையும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒருநாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே டீக்கடையில் பாயிடம் நைனா போனை நீட்டுவதைப் பார்த்தேன். கட்டைவிரல் திரைமேல் தயாராக இருந்தது. கரடி நடந்து வந்து, முழங்காலை மடக்கி, குதிக்கத் தயாராகும் இடத்தில் வீடியோவை நிறுத்தினார்.

"அப்புறம் இன்னா ஆவுது?" என்றார் பாய்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல" என்று நைனா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அவ்ளோதான்."