மட்டாஞ்சேரி ஐஸ் பிளான்டில் பிழிந்த திராட்சை

1981, பிப்ரவரி. கம்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பினேன். குமுளி வரை இருபத்து மூன்று கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி எறணாகுளம் போய்ச் சேரப் பகல் போய்விட்டது. மடியில் பன்னீர்த் திராட்சைக் கூடை. படகுத் துறையில் சாயா முப்பது பைசா. மட்டாஞ்சேரியில் இறங்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

கொச்சங்காடியில் என் அக்கா ரோசம்மா வீடு. அவள் புருஷன் அந்தோணி அத்தான் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கால் முறிந்து கப்பல் வேலை போயிற்று. இப்போது மீனுக்கு ஐஸ் செய்யும் பிளான்டில் வேலை. கப்பலை விட்டதிலிருந்து அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு கதை மட்டும் சொல்வார். ஜெர்மனியில் கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பிழிந்து வீஞ்ஞு, அதாவது ஒயின், செய்வார்களாம். ஒரு மடக்குக் குடித்தாராம், தேனாம்.

"கப்பல் பொய்" என்பாள் அக்கா.

செய்து காட்டத்தான் என்னைக் கூடையோடு வரச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கே பிளான்டுக்குப் போனோம். பழத்தைப் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வார்க்கும் தகரப் பெட்டியில் போட்டு, குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்.

காலையில் எடுத்தால் பழம் கோலிக்குண்டு மாதிரி இருந்தது. துணியில் சுற்றி இரண்டு பலகைக்கு நடுவே வைத்தார்.

"ரோசம்மா, நீ கேறி உக்காரு."

"நான் என்ன ஆட்டுக்கல்லா?"

"அதவிட கனம் உண்டு."

வேலையாட்கள் சிரித்தார்கள். அக்கா முறைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

தண்ணீர் ஐஸாகப் பழத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. இனிப்பு மட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. உருகுவதற்குள் எடுத்தாக வேண்டும். கொச்சி வெக்கை வாசலில் நின்றது.

"ஒரு கூடைக்கு இவ்வளவுதானா? இன்னும் அமுக்குறேன்" என்றாள் அக்கா.

"மதி, மதி. போதும், எறங்கு. இனி வெறும் தண்ணிதான் வரும்."

விரலில் தொட்டு அவள் நாக்கில் வைத்தார். எல்லாரும் பார்க்க. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொய்யாடீ?"

"இல்லீங்க."

வீடு வரை அத்தான் பேசிக்கொண்டே நொண்டி நடந்தார். துறைமுகம், பனி, கூட வேலை செய்தவர்கள். பரணி என்கிற பீங்கான் ஜாடியில் சாற்றை ஊற்றி ஈஸ்ட் போட்டு வாயைத் துணியால் கட்டினார். சர்க்கரை சேர்க்கவில்லை. இத்தனை இனிப்பையும் ஈஸ்ட் தின்று தீர்க்காது, மிச்சம் நிற்கும் என்றார். ஈஸ்டருக்குத் திறப்பதாகப் பேச்சு.

மறுநாள் என்னைப் படகேற்ற அக்கா மட்டும் வந்தாள்.

"அவரு சொன்னது நெசம்னு எனக்கு எப்பவோ தெரியும்டா தம்பி. பொய்யின்னு சொன்னாத்தான் அந்த மனுசன் வாயத் தொறப்பாரு. இனி என்னத்தச் சொல்லிப் பேச வைக்க?"

படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

"பரணியத் தொறந்ததும் புளிக்குதுன்னு சொல்லுக்கா" என்றேன்.

சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். படகு நகர்ந்த பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.