பியானோ என்று ஒரு கத்தல்

தரை ஓடு செய்யும் அந்த ஆலையில் கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கேபின்தான் அவள் இடம். கீழே இருப்பவர்களுக்கு அவள் ‘மேல்வீட்டக்கா’. எத்தனை டன்னானாலும் பூ மாதிரி இறக்குவாள் என்று பேர் எடுத்தவள்.

அன்று இத்தாலியிலிருந்து வந்த புது இயந்திரத்தைப் பீடத்தில் உட்கார வைக்க வேண்டும். கூடவே வந்த மெக்கானிக்குக்கு இத்தாலிய பாஷையைத் தவிர வேறெதுவும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வந்த வண்டியோ வழியில் படுத்துவிட்டது. “கையக் காட்டினா போதும், ஆரம்பிங்க” என்றார் சூப்பர்வைசர். பீடத்தின் ஓரத்தில் குனிந்து போல்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் அவளுடைய கணவன்.

இயந்திரம் இறங்க இறங்க மெக்கானிக்கின் கை அதன் பின்னால் மறைந்துபோனது. இனி வாக்கி டாக்கிதான் கதி.

“பியானோ!” என்றது அது.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. மேடையில் வைத்து வாசிப்பார்களே, அந்தப் பெட்டியா? இங்கே எதற்கு அது?

“பியானோ! பியானோ!”

தொண்டை கிழியும் கத்தல். இப்படிக் கத்தினால் ‘சீக்கிரம்’ என்றுதானே அர்த்தம்? லீவரை அழுத்தினாள். இயந்திரம் விர்ரென்று இறங்கி ஒரு பக்கம் ஆடியது. கீழே ஸ்பேனர் விழுந்த சத்தம். கணவன் துள்ளி விலகியதை கடைக்கண்ணில் பார்த்ததும் லீவரை விட்டாள். சுமை அந்தரத்தில் நின்றது.

“என்னங்க! அடி பட்டுச்சா?”

“ஒண்ணுமில்ல. நீ கையை எடுத்துடு, அசைக்காதே!”

மெக்கானிக் ஓடிவந்து அவள் கண்ணில் படும்படி நின்றான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, தண்ணீரில் இலை மிதப்பதுபோல் நகர்த்திக் காட்டினான். இந்த முறை கத்தவில்லை. “பியானோ...”

‘அட பாவி, மெதுவான்னு சொல்றியா!’

ஆனால் சுமையை அப்படியே தொங்கவிட முடியாதே. கணவன் பீடத்தைச் சுற்றிப் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே போய் நின்ற பிறகு, நூல் நூலாக இறக்கினாள். இயந்திரம் சத்தமே இல்லாமல் பீடத்தில் அமர்ந்தது. ஏணியில் இறங்கியவள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வந்து சேர்ந்தார். பழைய லத்தீனில் ‘பிளானுஸ்’ என்றால் மேடு பள்ளமில்லாத சமதளமாம். அதிலிருந்து வந்ததுதான் பியானோ. மேடு பள்ளமில்லாமல் என்பது போகப்போக அலுங்காமல், மெதுவாக என்று ஆகிவிட்டதாம். சத்தம் போடாமல் பேசுவதும் பியானோதான். கட்டடத்தின் மாடிக்கும் அதே சொல்தான். வாசிக்கிற பெட்டிக்கு முழுப்பேர் பியானோஃபோர்த்தே, அதாவது மெல்லவும் ஓங்கியும் ஒலிப்பது.

“மெதுவான்னு சொல்றதுக்கா சார் இந்தக் கத்தல்?” என்றாள் அவள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவந்து அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

‘நில்’ என்பதற்கு என்ன சொல் என்று அவள் கேட்டாள். “ஃபெர்மா” என்றான் மெக்கானிக். கீழே இருந்த எல்லாரையும் வரவழைத்து, அதை வாய்விட்டுச் சொல்லவைத்த பிறகுதான் மறுபடி மேலே ஏறினாள்.

வீடு திரும்பும் வழியில் தெருமுனை வந்ததும் கணவன் மெல்லச் சொன்னான்: “பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதே.”