லாக் ஃபைலை அழிக்கச் சொன்னது நான்

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் எல்லாவற்றையும் தானே எழுதுகிறான் என்று என் வீட்டில் இன்னும் நம்புகிறார்கள். நாங்கள் எழுதுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் எங்கெங்கோ யார் யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் லைப்ரரிகள். தேதி கணக்கிட ஒன்று, படிவத்தைச் சரிபார்க்க ஒன்று. அவற்றைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது பேக்கேஜ் மேனேஜரின் வேலை. ஒருவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அவர் மச்சானையும், மச்சான் தன் பங்காளியையும் கூட்டிவருகிற மாதிரி, நாற்பது லைப்ரரி கேட்டால் ஆயிரம் வந்து உட்காரும். வந்ததில் ஏதாவது இரண்டுக்குள் ஒத்துப்போகாது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து ஓடும்.

இதற்கு எங்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. வந்ததை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்வது. ஏன் சரியாகிறது என்று கேட்டால் பதினோரு வருட அனுபவக்காரனான எனக்கும் தெரியாது. பல நேரம் சரியாகிவிடும், அவ்வளவுதான். அப்படி அழிக்கும்போது லாக் ஃபைல் என்ற ஒன்றை மட்டும் தொடக் கூடாது. எந்த லைப்ரரியில் எந்தப் பதிப்பு இருந்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியதோ, அது அதில்தான் குறித்திருக்கும். அது போய்விட்டால் பேக்கேஜ் மேனேஜர் அன்றைக்கு எது புதிதோ அதைக் கொண்டுவந்து போட்டுவிடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவசரத்துக்கு அதையும் சேர்த்து அழித்துப் பழகியிருந்தேன்.

அப்போது எங்கள் குழுவுக்கு ஒரு பெண் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்த வேலை. ஆறு மாதம் முடியும்போது நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள். ஆனேக்கல்லில் வீடு, தினமும் பஸ்ஸில் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருவாள். மீட்டிங்கில் என்னைப் பெயர் சொல்லி ஆங்கிலத்தில் பேசுவாள், டீ குடிக்கும்போது அண்ணா என்பாள். எதைச் செய்வதற்கு முன்பும் கேட்பது அவள் வழக்கம். சில நாட்களில் அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவள் திரையில் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. மதியம் என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் வேறொரு போன் காலில் இருந்தேன். ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கி, "எல்லாத்தையும் தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுமா" என்றேன்.

"லாக் ஃபைலையுமா அண்ணா?"

"அதையும்தான்."

சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். அரை மணியில் அவளுக்கு எல்லாம் ஓடியது. மாற்றத்தை என் பார்வைக்கு அனுப்பினாள். அதில் அவள் எழுதியது இருபது வரி. லாக் ஃபைலில் மாறியிருந்தது ஆயிரக்கணக்கான வரி. அந்த ஃபைலை எங்கள் தொழிலில் எவனும் படிப்பதில்லை. திறந்தாலே மவுஸ் உருட்டி விரல் வலிக்கும். கும்பலோடு கோவிந்தா போடுகிற மாதிரி எல்லோரும் சரி என்று போட்டுவிட்டுப் போவோம். நானும் போட்டேன். அன்று இரவே அது வாடிக்கையாளர்களிடம் ஓடத் தொடங்கியது.

எங்கள் சாஃப்ட்வேரின் வேலை, தொழிற்சாலை வாசல்களில் வருகைப்பதிவு செய்வது. மறுநாள் காலை பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முதல் ஷிப்டுக்கு வந்தவர்கள் விரல் வைத்தார்கள். லாக் ஃபைல் போனதால் உள்ளே வந்திருந்த புதிய தேதி லைப்ரரி, நம் நேரத்தை லண்டன் நேரம் என்று எடுத்துக்கொண்டு, அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டது. ஆறு மணிக்கு வந்தவன் பதினொன்றரைக்கு வந்ததாகக் காட்டியது. தாமதமாக வந்தவனை உள்ளே விடாதே என்பது அங்கே செக்யூரிட்டிக்கு உத்தரவு. எங்கள் சோதனைகள் எதிலும் இது மாட்டவில்லை. அங்கிருந்த சூப்பர்வைசர், திருப்பத்தூர்க்காரர், தமிழ் பேசுகிறவன் என்பதால் என்னைத்தான் அழைத்தார். கேட்டுக்கு வெளியே ஒரு ஷிப்டே நிற்கிறது என்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் கெஞ்சினார்.

பழைய லாக் ஃபைலைத் திரும்ப எடுத்துப் போட எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அதைப் பற்றிப் பேச நாங்கள் கூடியது ஒன்றரை மணி நேரம்.

எங்கள் கம்பெனியில் இப்படி ஏதாவது உடைந்தால் 'யாரையும் குற்றம் சொல்லாத கூட்டம்' என்று ஒன்று நடக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், நாம் காரணத்தைத் தேடுகிறோம், ஆளை அல்ல என்று போட்டிருக்கும். இரண்டாவது பக்கத்தில் மாற்றத்தைச் செய்தவர் பெயரும் நேரமும் இருக்கும். அன்று இருந்தது அவள் பெயர். மூலையில் சின்ன எழுத்தில், சரிபார்த்தவர் என்று என் பெயர்.

கூட்டத்துக்கு முன்னால் கேன்டீனில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். "நீங்க சொல்லித்தானே பண்ணேன் அண்ணா. அதை மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்வதாகத்தான் இருந்தேன். அதை இப்போது யாரும் நம்ப வேண்டியதில்லை.

அடுத்த மாதம் என் பதவி உயர்வுப் பேச்சு இருந்தது. பக்கத்துக் குழுவில் நாலு பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து, இது எப்படி நடந்தது என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது, "இது டீமோட தப்பு. நாம எல்லாருமே இன்னும் கவனமா இருந்திருக்கணும்." மேனேஜருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒரு சீனியர் இப்படித்தான் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எதையோ குறித்துக்கொண்டாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அடுத்த மாதம் பதவி உயர்வும் வந்தது. கடைசி நாள் ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போகும்போது அவள் என்னிடம் வந்து, நிறையக் கற்றுக்கொண்டேன் அண்ணா என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு மெசேஜ். வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ எல்லாம் முடிந்துவிட்டது, கூட வேலை செய்த சீனியர் ஒருவரிடம் விசாரிப்பார்களாம், என் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாள். தாராளமாகக் கொடு என்று எழுதினேன். கடவுளாகப் பார்த்து இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார் என்று நினைத்தேன். இந்த முறை அவளை எப்படியாவது தூக்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து அழைத்த அம்மாள் நிதானமாகப் பேசினார். வேலை எப்படி என்று கேட்டார். அருமை என்றேன். கவனம் உண்டா என்றார். எங்கள் குழுவிலேயே அவள்தான் கவனமானவள் என்றேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை. பிறகு, அப்படியானால் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நொடிதான் யோசித்தேன். ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது மேடம், அதனால் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, வேறொன்றும் இல்லை என்றேன். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள், அந்தப் பெண் வேறு மாதிரி அல்லவா சொன்னார் என்றார். தான் ஒரு ஃபைலை அழித்துவிட்டதாகவும், அதனால் ஒரு தொழிற்சாலை வாசலில் ஆட்கள் நின்றதாகவும், யாரிடமும் கேட்காமல் செய்தது தன்னுடைய தப்பு என்றும் சொன்னாராம்.

யாரிடமும் கேட்காமல் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் அதுவும் உண்மை, இதுவும் உண்மை என்று ஏதோ உளறினேன். இரண்டும் ஒத்துவரவில்லையே என்று சொல்லி, நன்றி கூறி வைத்துவிட்டார். திரும்ப அழைத்துச் சொல்லியிருக்கலாம். நம்பர் கையில்தான் இருந்தது. ஐந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது. "வேணாம்னுட்டாங்க அண்ணா. நான் எதையோ மறைக்கிறேன்னு நினைக்கிறாங்களாம். நீங்க என்ன சொன்னீங்க?"

அதற்குக் கீழே பலமுறை எழுதி எழுதி அழித்துவிட்டேன். இன்றுவரை பதில் அனுப்பவில்லை. அவளும் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.